முக்கால் நிமிஷம் முந்தியவள்

எனக்கும் என் தங்கைக்கும் முக்கால் நிமிஷம் வித்தியாசம். வயதில் இல்லை, வயதில் நான் அவளுக்கு நாலு வருஷம் மூத்தவள். பாஸ்கெட்பாலில். பிரான்சில் அவள் ஸ்டேடியத்துக்குள் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டத்தை நான் அரியாங்குப்பத்தில் என் வீட்டுக் கூடத்தில் டிவியில் பார்க்கிறேன். மூலையில் நேரலை என்றுதான் போட்டிருக்கிறான். ஆனால் அங்கே பந்து வளையத்தில் விழுந்து, சனம் கத்தி, பந்து மறுபக்கம் போய்த் திரும்பி வந்த பிறகுதான் இங்கே அந்தப் பந்து விழும். அந்த முக்கால் நிமிஷத்தை வைத்துக்கொண்டு அவள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைத்துக் கூப்பிட எனக்கு இஷ்டமில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். "தங்கச்சி மேல பொறாமை சாமி" என்றேன். நகையா, வீடா, எதைப் பார்த்து என்று சாமியார் பொறுமையாகக் கேட்டார். "பாஸ்கெட்பால் சாமி." சாமியார் ஒருமுறை இருமினார். பிறகு மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னேன். போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆடியவள் நான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி. பின்பக்கம் சிமெண்டு கோர்ட், வளையம் உண்டு, வலை கிடையாது. நான் பாயிண்ட் கார்டு. பந்தை மேலே கொண்டுபோய் யாருக்குப் போடுவது என்று தீர்மானிக்கிற ஆள். குட்டையாக இருந்ததால் அந்த இடம் கிடைத்தது, வாய் நீளமாக இருந்ததாலும். என் தங்கை என் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு கோர்ட் ஓரத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பாள். "எதுக்குக்கா பந்தத் தரையில தட்டித் தட்டி எடுத்துக்கினு போறீங்க? தூக்கிக்கினு ஓடினா சீக்கிரம் போயிடலாம் இல்ல?" என்று கேட்டவள் அவள். இதை மட்டும் மறந்துவிடாமல் மேலே படியுங்கள்.

எங்கள் பக்கத்து வீடு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டுச் சொல்தாவின் மகள் பிரான்சிலிருந்து ஆகஸ்டு லீவுக்கு வந்தபோது, பெட்டிக்குள் கண்ணாடித் தட்டுகள் உடையாமல் இருக்க ஒரு கம்பளி மப்ளரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஊதா நிறம். ஓரத்தில் ஒரு பந்தின் படம், அதன்கீழ் ஓர் ஊரின் பெயர். தட்டுகளைப் பிரித்து அடுக்கிவிட்டு, "இந்த வெயில்ல இத யாரு போடுவா? நீதான் பாஸ்கெட் ஆடுறியே, வெச்சிக்கோ" என்று என் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான். தட்டைச் சுற்றி வந்த துணியால் எனக்கு ஒரு டீம் வந்தது.

காலேஜ் படித்த காலத்தில் பிரவுசிங் சென்டரில் போய் அந்த ஊர் டீமைத் தேடினேன். பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு படித்தது அதற்காவது உதவியது. ஆட்டக்காரர்கள் யார், கோச் யார், போன வாரம் யாரிடம் தோற்றார்கள், எல்லாம் படித்தேன். தோற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் கோயிலில் சாமியார் உடுத்துகிற ஊதா அது. இந்த டீமுக்கு வருஷம் பூராவும் தபசு காலம். அதனாலேயே எனக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். ஜெயிக்கிற டீமின் மேல் ஆசைப்பட எல்லாராலும் முடியும்.

ஊதாவுக்கு ஒரு பகையாளி உண்டு. பக்கத்து ஊர் டீம், சிவப்புச் சட்டை. நமக்குக் கடலூர் எவ்வளவு தூரமோ அவர்களுக்கு அவ்வளவு தூரம். சிவப்பிடம் பணம் உண்டு, உயரமான ஆட்கள் உண்டு, கோப்பைகள் அடுக்கி வைத்த அலமாரி உண்டு. ஊதாவில் யாராவது ஒருத்தன் கொஞ்சம் நன்றாக ஆடத் தொடங்கினால் போதும், அடுத்த வருஷம் சிவப்பு அவனைக் கொத்திக்கொண்டு போய்விடும். சிவப்பைப் பற்றிப் படிக்கும்போதே எனக்குக் காதில் புகை வரும்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு சம்பந்தம் எங்கள் வீட்டுக்கு வந்தது, முதலில் எனக்குத்தான். அப்போதுதான் லாஸ்பேட்டையில் ஒரு காலேஜ் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நிரந்தர வேலை. புது ஸ்கூட்டி. நானே சொன்னேன், யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை: "குளிர்ல போயி யாரு சாவுறது? வேணும்னா சின்னவளுக்குப் பாருங்க." அப்பாவும் சரியென்றார். சின்னவளும் தலையை ஆட்டினாள். பேச்சு முடிந்து, பூ வைத்து, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிற அளவுக்கு வந்த பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது சும்மா கேட்டேன்.

"மாப்ள அங்க எந்த ஊருடி?"

தங்கைக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. உள்ளே போய் ஒரு தபால் உறையை எடுத்து வந்து அனுப்புநர் விலாசத்தைக் காட்டினாள். என் மப்ளரில் இருந்த ஊர்.

ரசம் சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிரான்ஸ் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த மாப்பிள்ளையும் வேண்டியிருக்கவில்லை, இன்றைக்கும் அவர் நல்லவர் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றியதில்லை. ஆனால் அந்த ஊர்! உலகத்தில் அத்தனை ஊர் இருக்க, அந்த ஊர்! பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவளுக்கு! யாரையாவது திட்டலாம் என்றால் திட்ட ஆளில்லை. வேண்டாம் என்றது நான். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் அது.

அவள் போனாள். நானும் கல்யாணம் செய்துகொண்டேன். என் வீட்டுக்காரருக்குச் சேதராப்பட்டில் ஃபேக்டரி வேலை, ஷிப்ட் சூப்பர்வைசர். கோபம் வராத மனுஷர். அவருக்கும் சேர்த்து எனக்கு வரும். தங்கைக்கு நான் எப்போதாவது போன் செய்வேன். சாப்ட்டியா, குளிருதா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே என்று கேட்பேன். வைத்துவிடுவேன். ஆட்டத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். ஸ்டேடியம் உன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டு, நடந்தே போகலாம் என்று அவள் சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்க ஊதா நேத்து செம அடி வாங்கிச்சு போல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பாக்கப் போயிருந்தேன். சிவப்பு பின்னிட்டான். நான் இப்ப சிவப்பு அக்கா."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தோசைக் கரண்டியோடு வாசலுக்குப் போய்விட்டேன். அந்த ஊரில் வாழ்ந்துகொண்டு, என் டீமின் கோர்ட்டுக்கு நடந்து போய், டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, சிவப்புக்குக் கை தட்டுகிறாளாம். புருஷன் சிவப்பு டீமாக இருப்பார், இவளும் புகுந்த வீட்டுக் கட்சிக்கு மாறிவிட்டாள் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். "உப்பு போட்டுத்தான திங்கிற? அந்த ஊரு தண்ணியக் குடிச்சிக்கினு அவனுங்களுக்குக் கூவுறியே, வெக்கமா இல்ல?" என்று தொடங்கி, சிவப்பு எத்தனை பேரை ஊதாவிடமிருந்து கொத்திக்கொண்டு போயிருக்கிறது என்று வரிசையாகச் சொல்லி முடிக்கும்போது அடுப்பில் தோசை கரிக்கட்டை ஆகியிருந்தது. அந்தப் பக்கம் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் நானே மறுபடி போன் செய்தேன், விட்டுப்போன பாயிண்ட் ஒன்று ஞாபகம் வந்ததால்.

அப்படி ஆரம்பித்தது, நின்றபாடில்லை. பிறகு ஸ்மார்ட்போன் வந்தது, ஆட்டத்தைப் பார்க்க ஓர் ஆப் வந்தது, அதை டிவியில் போட என் வீட்டுக்காரர் ஏதோ ஒயர் வாங்கி வந்தார். பொதுவாக ஞாயிறு சாயங்காலம், இங்கே ஏழரை, எட்டரை மணிக்கு ஆட்டம். பூசைக்குக் காலையிலேயே போய்விட்டு, மீன் குழம்பை மத்தியானமே வைத்துவிட்டு, பழைய ஊதா மப்ளரை டிவி மேல் விரித்துவிட்டு உட்காருவேன். அவளிடமிருந்து படம் வரும். கழுத்தில் சிவப்பு மப்ளர், முகம் மட்டும். பக்கத்தில் யார், எந்த இடம் என்று எதுவும் தெரியாதபடி கேமராவை மூக்கு வரைக்கும் கொண்டுவந்து எடுத்திருப்பாள்.

"உன் வூட்டுக்காரரு எங்கடி?" என்று எழுதுவேன்.

"டியூட்டி."

"எப்பப் பாத்தாலும் டியூட்டிதானா?"

சிரிக்கிற பொம்மை ஒன்று வரும். அடுத்து, டிவியில் என் ஆள் ஃப்ரீ த்ரோ போடப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கும்போதே, "போச்சு! வெளிய!" என்று எழுதிவிடுவாள். முக்கால் நிமிஷம் கழித்து அந்தப் பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே விழும். விழப்போகிறது என்று தெரிந்தே அதைப் பார்க்கிற கொடுமை இருக்கிறதே! "வாய மூடிக்கினு இருடி" என்று திட்டி எழுதுவேன். போனைக் கவிழ்த்து வைப்பேன். அது டிங் என்னும். என்னவாக இருக்கும் என்ற அரிப்பில் மறுபடி திருப்புவேன்.

இன்னொரு வேதனையும் சேர்ந்துகொண்டது. அவள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னவள், "உங்க சென்டர் ரீபவுண்டுக்கு எகிறவே மாட்றான் அக்கா, காலு போச்சு அவனுக்கு" என்று சொல்ல ஆரம்பித்தாள். சொன்னது சரியாகவும் இருந்தது. டிவியில் பந்து எங்கே போகிறதோ கேமராவும் அங்கேதான் போகும். பந்து இல்லாத இடத்தில் யார் யாரைத் தள்ளுகிறார்கள், கோச் யாரைப் பார்த்து முறைக்கிறார் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். நான் ஆடியவள், அவள் வேர்க்கடலை தின்றவள். இப்போது அவள் சொல்ல நான் கேட்க வேண்டியிருந்தது.

போன சீசனில் நடக்காதது நடந்தது. என் தபசு கால டீம் ஒவ்வொருத்தராகத் தட்டிவிட்டு இறுதிக்குப் போனது. எதிரில், வேறு யார், சிவப்பு. ஐந்து ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு ஜெயித்து, கடைசி ஆட்டம் ஊதாவின் சொந்த கோர்ட்டில். ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, நமக்கு ஏழரை மணி. அந்த வாரம் ஆபீசில் நான் போட்ட கையெழுத்தெல்லாம் என் கையெழுத்து மாதிரியே இல்லை. தோற்றுப் பழகிய டீம் தோற்றால் எனக்கொன்றும் இல்லை. ஆனால் அவளிடம் தோற்க முடியாது. ஊர் அவளுக்கு, சீட் அவளுக்கு, முக்கால் நிமிஷம் அவளுக்கு. கோப்பையாவது எனக்கு வரட்டும் மாதாவே என்று ஸ்கூட்டியில் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் ஒரு பந்தயம் கட்டினாள். ஆகஸ்டு பதினைந்து மாதா தேருக்கு அவளும் அவள் வீட்டுக்காரரும் எப்போதும் வருவார்கள். அன்றைக்குத் தோற்றவள் ஜெயித்தவளுடைய கம்பளி மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தேர் பின்னால் நடக்க வேண்டும், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் எதிரிலும். ஆகஸ்டுப் புழுக்கத்தில் கம்பளி! "நீயே கேட்டு வாங்கிக்கிற, நடடி" என்று ஒத்துக்கொண்டேன்.

ஆட்டத்தன்று காலை, அங்கே இன்னும் விடியக்கூட இல்லை, இன்னொரு போன். "அக்கா, பூசைக்குப் போறப்ப எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்திடு."

"உங்க டீமு ஜெயிக்க நான் மெழுகுவத்தி ஏத்தணுமா?"

"எந்த டீமுன்னு நான் சொன்னனா? என் மனசுல இருக்கறது மாதாவுக்குத் தெரியும். நீ ஏத்து."

கேட்டுவிட்டாள், ஏற்றாமல் இருந்தால் பாவம். இரண்டு வாங்கினேன். என்னுடையதை மாதா சுரூபத்தின் காலடியில், காற்றுப் படாத மூலையில் வைத்தேன். அவளுடையதை ஜன்னல் ஓரம். சந்நிதியை விட்டுத் திரும்புவதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி கொளுத்தணும் என்று ஒன்றும் சட்டமில்லையே என்று சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

சாயங்காலம் ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி அவள். பின்னால் ஸ்டேடியத்துச் சத்தம்.

"அக்கா, போன வெக்காத. இன்னிக்கித் தனியாப் பாக்க முடியல. நான் வாயே தொறக்க மாட்டேன், சத்தியமா. நீ அந்தப் பக்கம் இருந்தாப் போதும்."

வைத்திருக்கலாம். அவள் குரலில் என்னவோ இருந்தது, வைக்க மனம் வரவில்லை. போனைச் சோபாவில் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு உட்கார்ந்தேன். அதற்குள்ளிருந்து சனத்தின் இரைச்சல் மெல்ல வந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் இன்னொரு தலையணையை எடுத்து அதன்மேல் போட்டார்.

ஆட்டத்தை விவரிக்க மாட்டேன். விவரித்தால் எனக்கு இப்போதும் பிபி ஏறும். சிவப்பு முன்னால் போனது, ஊதா எட்டிப் பிடித்தது, மறுபடி சிவப்பு. அவள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள், ஒரு சத்தம் இல்லை. கடைசியில் சிவப்பு ஒரு புள்ளி முன்னால், பந்து எங்களிடம், இன்னும் ஒரே ஒரு தடவை வளையத்துக்குப் போட நேரம். எங்கள் கோச் டைம்-அவுட் கேட்டார். டிவியில் அவர் மண்டியிட்டு உட்கார்ந்து பலகையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் வியர்த்த பையன்கள் குனிந்து நின்றார்கள். என்னால் தாங்க முடியவில்லை. தலையணைகளைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

அந்த நொடியில் போனுக்குள் வெடித்தது. அப்படி ஓர் இரைச்சல். இரண்டு ஊர்ச் சனமும் உள்ளே இருக்கிறது, யார் கத்துகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனால் அதற்கெல்லாம் மேலே ஒரு குரலை எனக்குத் தெரியும். என் தங்கை கத்தினாள். சந்தோஷத்தில் கத்தினாள். சின்ன வயதில் தேர்த் திருவிழாவில் ராட்டினம் மேலே போகும்போது கத்துவாளே, அந்தக் கத்தல். "அக்கா! அக்கா!" என்று அழுகையும் சிரிப்புமாக.

டிவியில் கோச் இன்னும் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆட்டம் முடிந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் என்றால் எனக்கு என்ன என்று தெரியாதா? இத்தனை வருஷமாக அடிவயிற்றில் கிடந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"கத்துடி, நல்லாக் கத்து. எல்லாமே உனக்குத்தான. அந்த ஊரே என்னுதுடி. நீ பேரு சொல்லத் தெரியாத காலத்துலேருந்து என்னுது. அத நீ எடுத்துக்கின, நான் வாயத் தொறக்கல. சீட்டு உனக்கு, ஸ்டேடியம் உனக்கு, நடக்கறதெல்லாம் உனக்கு மொதல்ல, எனக்கு மிச்சம் மீதி. இந்த ஒண்ணயாவது எனக்கு வுட்டிருக்கக் கூடாதா? ஒண்ணே ஒண்ணு?"

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் அவள் குரல் நின்றுவிட்டது. இரைச்சல் மட்டும் இருந்தது. நான் வைக்கவும் இல்லை, அவளும் வைக்கவில்லை. டிவியில் பையன்கள் கோர்ட்டுக்குத் திரும்பினார்கள். செத்த வீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஓரத்திலிருந்து பந்து உள்ளே வந்தது. எங்கள் குட்டை பாயிண்ட் கார்டு அதை வாங்கி, ஒருத்தனைத் தாண்டி, இன்னொருத்தன் கைக்கு மேலே எறிந்தான். போகாது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் அல்லவா? பந்து வளையத்தில் ஒருமுறை சுற்றி உள்ளே விழுந்தது. சைரன் அடித்தது.

ஊதா ஜெயித்துவிட்டது. ஜெயித்துவிட்டது ஐயா! என் வீட்டுக்காரர் சோபாவில் ஏறிக் குதித்தார், அந்தக் கோபம் வராத மனுஷர். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். காதில் இருந்த போனுக்குள் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"பாத்துட்டியா அக்கா? உனக்கு வந்துடுச்சா?"

நான் திட்டிய அத்தனையும் கேட்டுவிட்டு, பதில் சொன்னால் எனக்கு முடிவு முன்னாலேயே தெரிந்துபோகுமே என்று அந்த முக்கால் நிமிஷமும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ எதுக்குடி கத்தின?" என்றேன்.

"நம்ம ஆளு போட்டான், கத்தாம என்ன பண்ணுவேன்?"

"நம்ம ஆளா? நீ சிவப்பு."

"நான் என்னிக்கி அக்கா சிவப்பு? இங்க சிவப்பு மப்ளரோட உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க அடிப்பாங்க. உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பிட்டு உடனே பையில வெச்சிடுவேன்."

"உன் வூட்டுக்காரரு?"

"அவருக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாது. ஒரு நாள்கூட வந்ததில்ல." வெளியே நடந்தாள் போல, இரைச்சல் குறைந்தது. "வந்த புதுசுல இங்க யாருமில்ல எனக்கு. நீ எப்பவாவது போன் பண்ணி சாப்ட்டியான்னு கேட்டுட்டு வெச்சிடுவ. உன் டீமாச்சேன்னு போயி உக்காந்தேன். உன் டீமு தோத்துச்சு. உங்கிட்ட சும்மா சிவப்புன்னு சொல்லிப் பாத்தேன். அன்னிக்கி நீ ஒரு மணி நேரம் பேசின அக்கா. மறுநாளும் நீயே பண்ணின."

தோசை கரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. போனில் அவள் சிரித்துக்கொண்டே இருந்ததும் ஞாபகம் வந்தது. அப்புறம் இன்னொன்று. ஜன்னல் ஓரத்தில் அணைந்த மெழுகுவர்த்தி யாருக்கானது என்று இப்போது புரிந்தது. என் டீமின் மெழுகுவர்த்தியை நானே காற்றில் வைத்து அணைத்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. மாதா சொல்ல மாட்டாள்.

ஆகஸ்டில் வந்தார்கள். தோற்றவள் என்ற முறையில் பதினைந்தாம் தேதி சாயங்காலம் அவள் ஊதா மப்ளரைச் சுற்றிக்கொண்டு தேர் பின்னால் நடந்தாள். பந்தயத்தை அவள் எப்படிக் கட்டியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிவப்பு ஜெயித்திருந்தால் நான் வெந்திருப்பேன். ஊதா ஜெயித்ததால் அவள் தன் சொந்த மப்ளரை ஊரறியப் போட்டுக்கொண்டாள். சொந்த மப்ளர்தான், என்னுடையதைக் கேட்கவே இல்லை. புதுசு. கோப்பை ஜெயித்த டீமின் பையன்கள் எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அந்தக் குட்டை பாயிண்ட் கார்டு உட்பட. என்னுடையதில் பூச்சி அரித்த ஓட்டைதான் உண்டு. வேர்த்து ஊற்ற, சிரித்த முகமாக அவள் நடந்ததைப் பார்த்து அத்தைமார்கள், "என்னா அழகா கீது பாரு அந்தப் பொண்ணு" என்றார்கள். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் எரிந்தது.

தேர் கோயிலுக்குத் திரும்பிய பிறகு, வாசலில் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றோம். மப்ளரை அவிழ்த்து என் தோளில் போட்டாள். "இது உனக்குத்தான் கையெழுத்து வாங்கினேன், வெச்சிக்கோ" என்றாள். பிறகு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, சோடாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் தெரிஞ்சிடுச்சு இல்ல. இனிமே நானும் ஊதான்னே சொல்லிக்கட்டுமா?"

நானும் ஊதா, அவளும் ஊதா. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து என்ன பேசுவது? ஜெயிச்சோம், ஆமா ஜெயிச்சோம். தோத்தோம், ஆமா தோத்தோம். அப்புறம் சாப்ட்டியா, குளிருதா. இதையும் அவள் எனக்கு எத்தனை வருஷம் முன்னாலேயே புரிந்துவைத்திருக்கிறாள்! எனக்கு இப்போதுதான் வந்து சேர்கிறது.

"கொன்னுடுவேன்" என்றேன். "ஊதா என்னுது. நீ சிவப்பு."